சேற்றோரத்து உள்ளான்

மார்கழி, தையில் போடிமெட்டு வளைவுகளில் நின்று கீழே பார்த்தால் போடியைச் சுற்றியுள்ள கண்மாய்கள் பளபளக்கும். வடகிழக்குப் பருவமழை தந்த தண்ணீர் அது. பறவை பார்க்க இறங்கி வருகிறவர்கள் பெரும்பாலும் நடுத்தண்ணீரில் நிற்கும் நாரைகளையும் கூழைக்கடாக்களையும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கோ கண் போவது கரையோரத்துக்குத்தான். மீனாட்சிபுரம் கண்மாயில் தண்ணீர் வற்ற ஆரம்பித்ததும் கோரையும் சம்பும் சேறும் கலந்து கிடக்கிற ஓரம் இருக்கிறதே, மறைந்து வாழும் பறவைகளின் ஊர் அது.

உள்ளான் அங்கேதான் இருக்கும். வெயில் ஏறுமுன் கரையில் உட்கார்ந்து ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெறும் சேறாகத் தெரிந்த இடத்தில் மெல்ல ஒரு கண் தெரியும், பிறகு முதுகில் ஓடும் வைக்கோல் நிறக் கோடுகள். காய்ந்த கோரைத்தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடப்பதைப் போலவே இருக்கும் அந்தக் கோடுகள். அலகு, தலையைவிட இரு மடங்கு நீளம். அதன் நுனி மட்டும் தனியே வளைந்து திறக்கும். அதனால் அலகைச் சேற்றிலிருந்து உருவாமலே புழுவைக் கவ்வ முடிகிறது. நுனி நிறைய உணர்வு நரம்புகள் இருப்பதால் இரை தேடக் கண் தேவையில்லை. கண்கள் தலையில் நன்றாகப் பின்தள்ளி அமைந்திருக்கின்றன. குனிந்து மேயும்போதே பின்னால் வருகிற ஆளையும் அது பார்த்துவிடும்.

சைபீரியப் பக்கமிருந்து வரும் ஊசிவால் உள்ளானையும் விசிறிவால் உள்ளானையும் நிற்கையில் பிரித்தறிவது கைதேர்ந்தவர்களுக்கே கடினம். பறக்கும்போதுதான் துப்பு கிடைக்கும். விசிறிவாலுக்கு இறக்கையின் பின்னோரத்தில் வெள்ளைக் கரை உண்டு. கரகரத்துக் கத்திக்கொண்டு கோணல்மாணலாய்ப் பாயும். ஊசிவாலுக்கு அந்த வெள்ளை இல்லை. வால் விரியும்போது ஓரத்து இறகுகள் ஊசியாய் மெலிந்திருப்பது தெரியும், ஆனால் அது வாய்ப்பது அபூர்வம். இந்த இரண்டு மூன்று விநாடிக்காக ஒரு காலைப் பொழுதையே கொடுக்கலாம் என்பேன்.

மேற்கே மலை நிற்பதால் போடியில் வெயில் சீக்கிரம் மறையும். அந்த மங்கலில் கோரைக்குள்ளிருந்து மயில் உள்ளான் வெளியே வரும். இது வலசை வருவதல்ல, உள்ளூர்க்காரப் பறவை. இதில் அழகு பெண்ணுக்குத்தான்: செம்பழுப்புக் கழுத்து, கண்ணைச் சுற்றி வெள்ளைப் பட்டை. மங்கிய நிறத்து ஆண் அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கும்.

கண்மாயைத் தூர்வாருவது நல்ல காரியம். ஆனால் இயந்திரம் கரையைச் செங்குத்தாய் வெட்டிவிட்டால் உள்ளானுக்கு நிற்க இடமில்லை. கணுக்கால் நனையும் ஆழத்துக்கு மேல் அதன் அலகு சேற்றை எட்டாது. ஒரு பக்கக் கரையையாவது சரிவாக விட்டுவைத்தால் போதும், கோரை தானாக வளர்ந்துகொள்ளும்.

மலைமேலும் ஓர் உள்ளான் உண்டு. இமயமலையில் கூடு கட்டும் காட்டு உள்ளான், குளிர்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த ஈரப் புல்வெளிகளுக்கு வருவது. அழியும் அபாயமுள்ள இனம், கண்டவர்கள் மிகக் குறைவு. கிளப்பினால் வளைந்து நெளிந்து பாயாது; அகன்ற இறக்கையை மெல்ல அடித்துக் கொஞ்ச தூரத்திலேயே இறங்கிவிடும். ஏலத் தோட்டங்களைக் கடந்து மூணாறு போகும் வழியில் புல் மூடிய ஓடை எது தென்பட்டாலும் வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுகிறேன்.