குழந்தைப் பாட்டும் வணிகத் திரையும்

ஒரு படைப்பு யாருக்காகப் படைக்கப்பட்டது, யாருடைய வாழ்வைப் பேசுகிறது, யாருடைய கைகளை வலுப்படுத்துகிறது என்ற கேள்விகளை நமது முற்போக்கு விமர்சகர்கள் எழுப்பத் தொடங்கிப் பல தசாப்தங்கள் ஆகிவிட்டன. நாவலும் சிறுகதையும் கவிதையும் இக்கேள்விகளின் முன் நிறுத்தப்பட்டன. மூன்று வயதுப் பிள்ளை நாள்தோறும் கேட்கும் பாட்டோ அரிதாகவே அவ்வாறு நிறுத்தப்பட்டது. இன்று அந்தப் பாட்டு ஆச்சியின் வாயிலிருந்தும் ஆசிரியையின் வாயிலிருந்தும் வருவது குறைந்து, கைத்தொலைபேசித் திரையிலிருந்து வருவது பெருகியிருக்கிறது. முன்பள்ளியில் இந்தக் கருவியை எவ்வாறு பயன்படுத்துவது என்ற விவாதத்தைக் கணினி வல்லுநரிடம் மாத்திரம் விட்டுவிட முடியாது. அது மொழியையும் இலக்கியத்தையும் பற்றிய விவாதமுமாகும்.

இவ்விவாதத்தைத் தெல்லிப்பழையில் நின்று தொடங்குவது பொருத்தமே. 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் கல்விப் பணி தொடங்கிய ஊர் இது. 1910 இல் பாவலர் துரையப்பாபிள்ளை மகாஜனக் கல்லூரியை நிறுவியதும் இங்கேதான். பாவலர் பள்ளிக்கூடம் நடத்தியதோடு நிற்காமல், சமூகத்தைத் திருத்த விழையும் பாடல்களையும் இயற்றினார். பாட்டு கல்வியின் கருவி என்பதை இவ்வூர் அன்றே அறிந்திருந்தது. 1990 இல் யுத்தம் வலிகாமம் வடக்கு மக்களை வேரோடு பெயர்த்தது. காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட, பலர் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னரே தமது செம்மண்ணுக்குத் திரும்பினர். முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் வளர்ந்தவர்கள் இன்று முன்பள்ளிப் பிள்ளைகளின் தாய் தந்தையராய் இருக்கின்றனர். ஊர்ப் பாட்டும் ஊர்க் கதையும் கைமாறி வந்த சங்கிலி இடையில் அறுந்துபோன சமுதாயம் இது. அந்த இடைவெளியை நிரப்ப வருவது எது என்பதே நமது கேள்வி.

நம்மிடம் என்ன இருந்தது என்பதை முதலில் நோக்குவோம். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) ஆடிப்பிறப்புப் பாட்டை அறியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒரு காலத்தில் இருந்ததில்லை. கூழும் கொழுக்கட்டையும் எவ்வாறு ஆகின்றன என்பதைப் பிள்ளையின் நாவில் நீரூறும்படி படிப்படியாகச் சொல்லும் பாட்டு அது. மாவும் தேங்காயும் பயறும் பனங்கட்டியும் அதிலே வருகின்றன. இவற்றைச் செய்யும் கைகளும் வருகின்றன. பண்டத்தின் பின்னால் உழைப்பு உண்டு என்னும் உண்மையைப் போதனையின் வாடையின்றிக் குழந்தை அறிந்துகொள்கிறது. கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றிய பாட்டும் இத்தகையதே. பிள்ளை பாடசாலைக்குப் போகும் வழியில் காணும் வைக்கோற் பொம்மை அதிலே பாத்திரமாகிவிடுகிறது. புலவர் மரபில் ஊறியவர்; அவரது நோக்குகள் யாவும் நமக்கு உடன்பாடானவை என்று கூறுவதற்கில்லை. எனினும் பிள்ளையின் கண்முன் உள்ள உலகத்தையே பிள்ளையின் பாட்டாக்கும் யதார்த்த உணர்வு அவரிடம் இருந்தது.

இனித் திரைப்பாட்டைப் பார்ப்போம். 2013 இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘சுசு டிவி’யின் காட்சிகள் யூடியூபில் பல நூறு கோடி தடவை பார்க்கப்பட்டுள்ளன. ஆங்கில மழலைப் பாட்டுகளே அதன் தொடக்க மூலதனம். தமிழ்ப் பாட்டுகள் பின்னர் வந்து சேர்ந்தன. அதன் கலைஞர்களின் திறமையைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கமன்று. ஆயினும் இத்தகைய படங்களில் பெரும்பாலானவற்றின் உலகத்தை உற்று நோக்குங்கள். வீடு பளபளக்கிறது, தோட்டத்தில் சேறில்லை, தாயின் கையில் வேலையில்லை, எந்தப் பிள்ளைக்கும் ஊரில்லை. எல்லா நாடுகளுக்கும் விற்கவேண்டிய பண்டம் எந்த நாட்டு மண்ணையும் தன்மேல் ஒட்டவிடாது. சொல் சிறுத்து, வண்ணமும் அசைவும் பெருத்து, பிள்ளையின் கண் இமைக்கும் முன்னரே காட்சி மாறிவிடுகிறது.

இது தனியொரு கலைஞரின் சுவைக் குறைபாட்டால் நேர்வதன்று. இதன் பின்னால் ஒரு பொருளாதாரம் இயங்குகிறது. பார்க்கும் நேரம் நீள நீள விளம்பர வருமானம் பெருகும். ஆகவே ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு தானாகவே தொடங்குகிறது. பார்த்ததைக் கணக்கிட்டு, பார்க்க வேண்டியதை இயந்திரமே தெரிவு செய்கிறது. ஆச்சி பாட்டை நிறுத்துவாள், ஏனெனில் பிள்ளைக்கு நித்திரை வந்துவிட்டது. இந்த இயந்திரத்துக்கு நிறுத்தினால் நட்டம். பெற்றோரின் சம்மதமின்றிச் சிறுவரின் தகவல்களைத் திரட்டியதாக எழுந்த வழக்கைத் தீர்க்க, கூகுளும் யூடியூபும் 2019 இல் அமெரிக்காவில் 17 கோடி டொலர் செலுத்த இணங்கின. பிள்ளை திரையைப் பார்க்கும்போது திரையும் பிள்ளையைப் பார்க்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மொழியாசிரியர்கள் சிந்திக்க வேண்டிய ஆய்வொன்றும் உண்டு. பற்றீசியா கூல் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவரது குழுவினரும் 2003 இல் வெளியிட்டது அது. ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகள் சிலரோடு சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து, பன்னிரண்டு அமர்வுகளில், புத்தகம் படித்தும் விளையாடியும் பழகினர். வேறு சில குழந்தைகளுக்கு அதே மொழி, அதே அளவில், திரையின் மூலம் காட்டப்பட்டது. நேரில் பழகிய குழந்தைகள் சீன ஒலிகளை வேறுபடுத்தக் கற்றனர். திரையை மாத்திரம் பார்த்தவர்களிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை. மொழி காதில் விழுவதால் மாத்திரம் வளர்வதில்லை. பதிலுக்குப் புன்னகைக்கும் ஒரு முகம் வேண்டும். ழகரமும் ளகரமும் தடுமாறும் பிள்ளையின் உதட்டைப் பார்த்துத் திருத்தும் ஆசிரியையின் இடத்தை எந்தச் செயலியும் நிரப்பமாட்டாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் வகுத்த வழிகாட்டலும் கவனத்துக்குரியது. ஒரு வயது நிறையும்வரை திரையே வேண்டாம். அடுத்த ஆண்டிலும் அது பரிந்துரைக்கப்படவில்லை. இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது, குறைவாயின் நன்று என்கிறது அது. இது முழு நாளுக்கும் உரிய கணக்கு. முன்பள்ளியில் அரை மணி காட்டும் ஆசிரியை, வீட்டில் பிள்ளை எத்தனை மணி பார்க்கிறது என்பதையும் அறிந்தே காட்டுதல் வேண்டும்.

“அப்படியானால் நீங்கள் விஞ்ஞானத்தின் எதிரிகளா?” என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். கருவியை வெறுப்பது முற்போக்கு ஆகாது. மிஷனரிமார் அச்சியந்திரத்தைக் கொண்டுவந்தபோது யாழ்ப்பாணத்தவர் அதைக் கண்டு ஓடவில்லை. ஆறுமுக நாவலர் 1849 இல் தாமே அச்சகம் நிறுவிப் பாலபாடங்களை வெளியிட்டார். சாதி பற்றிய அவரது நோக்கை நாம் மறுக்கிறோம். ஆயினும் கருவியைத் தன் கைக்குக் கொண்டுவந்து தன் மொழிக்குப் பணிசெய்ய வைத்த அந்தச் செயலை மதிக்கிறோம். கைத்தொலைபேசியையும் இவ்வாறே கையாளலாம். ரொறன்ரோவில் இருக்கும் பேரப்பிள்ளை தெல்லிப்பழை அம்மம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதற்கு இது உதவுகிறது. மிகச் சிறிய பிள்ளைகளுக்குத் திரையை மறுத்த அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமே 2016 இல் இத்தகைய காணொளி உரையாடலுக்கு விலக்கு அளித்தது. அங்கே பதில் சொல்லும் மனிதமுகம் உண்டு. ஊரின் முதியோர் பாடும் தாலாட்டையும் விளையாட்டுப் பாட்டையும் ஆசிரியை பதிவு செய்து, தான் பழகி, பிள்ளைகளோடு தன் வாயாலே பாடலாம். திமிங்கிலத்தின் படத்தைக் காட்டிப் பத்து நிமிடம் உரையாடலாம். காட்டுவதைத் தான் முன்னரே முழுமையாகப் பார்த்து, இறக்கி வைத்து, இணையத் தொடர்பைத் துண்டித்து, பிள்ளைகளோடு சேர்ந்திருந்து காட்டுதல் வேண்டும். அப்போது கருவி ஆசிரியையின் கையில் இருக்கும்.

இவ்விடத்தில் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் நடுத்தர வர்க்க உபதேசத்தை நாம் ஏற்பதற்கில்லை. காலை முதல் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குக் குனிந்து நிற்கும் தாய், சமையல் வேளையில் பிள்ளையின் கையில் தொலைபேசியைக் கொடுப்பது அசட்டையால் அன்று. அவளுக்கு உதவிக்கு ஆளில்லை. அயலில் பகற் காப்பகமும் இல்லை. முன்பள்ளி ஆசிரியையின் நிலை என்ன? சொற்பக் கொடுப்பனவில் தொழில் புரியும் அப்பெண் தன் சொந்தத் தொலைபேசியில், தன் சொந்தக் காசில், பெற்றோருக்கு வட்ஸ்அப் செய்தியும் படமும் அனுப்பவேண்டியிருக்கிறது. திரையைக் குறைக்கச் சொல்லும் சமுதாயம், அதற்குப் பதிலாக மனிதரின் நேரத்தை வழங்கவும் கடமைப்பட்டது.

இறுதியாக, அனைத்திலும் கூசத்தக்க வழக்கம் ஒன்றைப் பற்றிக் கூறவேண்டும். நன்கொடையாளர் ஒருவர் முன்பள்ளிக்குப் புத்தகப்பையோ பால்மாவோ வழங்குகிறார். பிள்ளைகள் வரிசையில் நிறுத்தப்படுகின்றனர். பின்னால் வள்ளலின் பெயர் தாங்கிய பதாகை. முன்னால் கைநீட்டி வாங்கும் நான்கு வயதுக் குழந்தை. மாலைக்குள் அந்த முகம், பெயரோடும் ஊரோடும், சில வேளை தகப்பன் இல்லாத கதையோடும், முகநூலில் ஏறிவிடுகிறது. வறுமையைப் படமெடுத்துப் பெருமையாக மாற்றும் வணிகம் இது. அந்தப் பிள்ளை பதினைந்து வயதில் தன் பெயரைத் தேடிப் பார்க்கும்போது காணப்போவது என்ன? யாரிடம் அனுமதி பெறப்பட்டது? உதவி பெறும் தாய் உதவி தருபவரிடம் “வேண்டாம்” என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தாளா? இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளையின் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. 1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயம் அந்தரங்கத்தைப் பிள்ளையின் உரிமையென ஏற்கிறது. அவ்வுரிமை இணைய வெளியிலும் செல்லும் என்பதை ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைக் குழு 2021 இல் விரித்துரைத்தது. சட்டம் ஊருக்கு வந்து சேரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளையின் முகத்தை வெளியிடாதீர், பையின் படம் போதும் என்று பெற்றோர் கூட்டமொன்றில் தீர்மானிக்க எந்த அமைச்சின் சுற்றறிக்கையும் வேண்டியதில்லை.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடிய பணி இன்னொன்றும் காத்திருக்கிறது. வணிகத் திரையைப் பழிப்பதால் மாத்திரம் அது அகலாது. அதைவிடச் சிறந்த பாட்டு வேண்டும். மீளக் குடியேறிய வளவையும், கிணற்றடியையும், வெங்காயத் தோட்டத்தையும், பேருந்தில் வேலைக்குப் போகும் தாயையும், கடல் கடந்த மாமாவையும் பாடும் குழந்தைப் பாட்டுகள் இன்று நமக்கு எத்தனை உள்ளன? புலவர் தம் காலத்துப் பிள்ளைக்குத் தம் காலத்து ஊரைப் பாடிக் கொடுத்தார். நம் காலத்துப் பிள்ளைக்கு நம் ஊரை எழுதிக் கொடுக்கும் கவிஞர்கள் முன்வரல் வேண்டும். அப்பாட்டுகளை முதலில் ஒரு மனித வாய் பாடட்டும். கருவி பின்னால் வரட்டும்.