கேள்விக்குறியை ரசிப்பது எப்படி?

“வேற்றுக் கோளில் உயிர்?” அடிக்கடி கண்ணில் படும் தலைப்புதான். சிலர் படித்ததும் பரவசப்படுகிறார்கள். சிலர் ‘இவர்களுக்கு இதே வேலை’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். இரு தரப்பாருமே கடைசியில் நிற்கும் கேள்விக்குறியைக் கவனிப்பதில்லை. ருசி முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் பூமியைப் பாருங்கள்

1990 டிசம்பரில், வியாழனுக்குக் கிளம்பிய கலிலியோ விண்கலம் வேகம் கூட்டிக்கொள்வதற்காகப் பூமியை ஒட்டிப் பறந்தது. வானியலாளர் கார்ல் சேகனும் கூட்டாளிகளும் ஒரு குறும்பு செய்தார்கள். பூமியைப் பற்றி எதுவுமே தெரியாதவர்கள்போல, அந்தக் கலத்தின் கருவிகளைக் கொண்டு இங்கே உயிர் இருக்கிறதா என்று தேடினார்கள்.

காற்றில் ஏராளமாக ஆக்சிஜன், கூடவே மீத்தேன். நிலத்தில் சிவப்பு ஒளியை விழுங்கும் ஏதோ ஒரு நிறமி. இயற்கையில் பிறந்ததாகத் தோன்றாத ரேடியோ அலைகள். இதில் முதல் ஜோடிதான் அழகு. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் மீத்தேன் நீடிக்காது, வினைபுரிந்து தீர்ந்துபோகும். ஓட்டைப் பானையில் தண்ணீர் குறையாமல் நின்றால் யாரோ ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? இங்கே ஊற்றுவது சதுப்பு நிலமும் நெல் வயலும் அசைபோடும் மாடும்.

ஆக, விஞ்ஞானிகள் தேடுவது பெரும்பாலும் உயிரை நேரடியாக அல்ல, அதன் காலடித் தடத்தை. செய்தியைப் படிக்கும்போது ‘உண்மையில் கண்ணில் பட்டது என்ன?’ என்று முதலில் கேளுங்கள்.

வேறு யார் செய்திருக்கலாம்?

1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள், கதிரியக்கக் கார்பன் கலந்த சத்துநீரை மண்ணில் சொட்டவிட்டன. நுண்ணுயிர் இருந்தால் அதைத் தின்று வாயு விட வேண்டும். வாயு வந்தது! மண்ணை நன்கு சூடாக்கிவிட்டுச் சொட்டவிட்டபோது வரவில்லை. உயிர் என்றே தோன்றும். ஆனால் அதே கலத்தின் இன்னொரு கருவி மண்ணைச் சூடாக்கிச் சோதித்தும், உயிருக்கு வேண்டிய கரிமச் சேர்மங்கள் மண்ணில் இருப்பதாகக் காட்டவில்லை. 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டதும் வழக்கு மறுபடி சூடுபிடித்தது. சூடாக்கும்போது கரிமத்தை அழித்துவிடக்கூடிய உப்பு அது. வைக்கிங்கின் சத்துநீர்ச் சோதனையை வடிவமைத்த கில்பர்ட் லெவின் கடைசிவரை அது உயிர்தான் என்றார். பெரும்பாலோர் மண்ணின் ரசாயனம் என்கிறார்கள். நல்ல துப்பறியும் கதையில் சந்தேகம் எல்லோர் மீதும் விழ வேண்டும், இங்கே விழுகிறது.

எண்ணையும் படியுங்கள்

124 ஒளியாண்டு தொலைவில் கே2-18பி என்றொரு கோள். தன் விண்மீனுக்கு முன்னால் அது கடக்கும்போது, கோளின் காற்றை ஊடுருவி வரும் ஒளியை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பிரித்துப் பார்க்கிறது. அதில் டைமெத்தில் சல்ஃபைடின் சாயல் தெரிவதாக, 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு அறிவித்தது. பூமியில் அதைப் பெரும்பாலும் தயாரிப்பவை கடலின் நுண்பாசிகள்.

அறிக்கையிலேயே ஒரு சொல் இருந்தது: மூன்று சிக்மா. தற்செயலாக அப்படித் தெரிய 0.3 சதவீத வாய்ப்பு உண்டு என்று பொருள். கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து சிக்மா வேண்டும். மற்றவர்கள் அதே தரவை வேறு விதமாக அலசி, சாயலே உறுதியில்லை என்றார்கள். உயிரே இல்லாத வால்நட்சத்திரம் ஒன்றிலும் அந்த வாயு தென்பட்டிருக்கிறது. இதைக் குடுமிப்பிடிச் சண்டையாகப் பார்க்காதீர்கள். பட்டிமன்றம் கேட்பதுபோல, எந்தத் தரப்பு எந்தச் சான்றை மேடைக்குக் கொண்டுவருகிறது என்று பாருங்கள்.

கடைசியாக, மாடிக்குப் போங்கள்

வியாழன் தெரியும் ஓர் இரவில் பைனாகுலரை ஆடாமல் பிடித்துப் பாருங்கள். அருகில் சிறு புள்ளிகளாக நிலவுகள் தெரியும். அவற்றில் ஒன்று யூரோப்பா. அதன் பனி ஓட்டுக்கு அடியில், பூமியின் கடல்களைவிட அதிக நீர் இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் 2030-இல் வியாழனை அடைய வேண்டும். அது தேடப்போவது உயிரைக்கூட அல்ல. உயிர் வாழத் தோதான இடமா என்று மட்டும் பார்க்கப் போகிறது.

ஆனாலும் அன்றைக்குத் தலைப்புகள் வரும். அவற்றில் கேள்விக்குறி இல்லாவிட்டால், பேனாவை எடுத்து நீங்களே ஒன்று போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்குங்கள்.