இடது பக்கம் காலியாக இருக்கிறது

போன வருஷம் ஒரு பிளஸ் ஒன் மாணவி தன்னுடைய முதல் திரைக்கதையைக் கொண்டுவந்து கொடுத்தாள். முத்தியால்பேட்டைப் பெண். ஸ்பைரல் பைண்டிங் போட்டு, மேலே பிளாஸ்டிக் அட்டை வைத்து, 118 பக்கம். "நூத்தி இருபதுக்குள்ள முடிக்கணும்னு படிச்சேண்ணா. ரெண்டு பக்கம் முன்னாடியே முடிச்சிட்டேன்" என்றாள். பரீட்சையில் நேரத்துக்கு முன்பே பேப்பரைக் கட்டிக் கொடுத்தவள் முகம்.

கதை ராயபுரத்தில் நடக்கிறது. ஒரு தாதா. அவனுக்கு ஒரு நண்பன். நண்பன் துரோகி. இடைவேளையில் கதாநாயகி சாகிறாள். 27ஆம் பக்கத்தில் சொல்லிவைத்தாற்போல் ஒரு திருப்பம். எல்லாம் இருந்தது. அவள் ராயபுரத்துக்குப் போனதே இல்லை என்பதும் இருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? செய்ததைச் சொல்கிறேன். சிவப்புப் பேனாவை எடுத்தேன். திருப்பம் இன்னும் ஐந்து பக்கம் முன்னால் வரலாம் என்று குறித்தேன். கதாநாயகிக்கு 'இலக்கு' இல்லை என்று எழுதினேன். இரண்டாம் பகுதி தொய்கிறது என்றேன். அவள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, "தேங்க்ஸ்ண்ணா" சொல்லிவிட்டுப் போனாள். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில், பழைய புத்தகக் கடைக்குப் பக்கத்தில் பார்த்தேன். "எழுதுறியா?" என்று கேட்டேன். "எனக்கு அது வராதுண்ணா" என்றாள்.

பதினாறு வயதில் ஒருத்தி 'எனக்கு வராது' என்று முடிவு செய்துவிட்டால் அதற்குப் பிறகு அவளிடம் யாரும் கேட்கப்போவதில்லை. அந்த முடிவில் என் சிவப்புப் பேனாவுக்கும் பங்கு உண்டு. எங்கே தப்பு செய்தேன் என்று யோசித்துப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

தமிழில் திரைக்கதை கற்க நினைக்கும் பள்ளிப் பிள்ளைக்கு இன்று கையில் கிடைப்பவை பெரும்பாலும் கட்டமைப்புப் பாடங்கள். சுஜாதாவின் 'திரைக்கதை எழுதுவது எப்படி?', கருந்தேள் ராஜேஷின் 'திரைக்கதை எழுதலாம் வாங்க', அப்புறம் யூடியூப். பலவற்றுக்கும் பின்னால் நிற்பவர் சிட் ஃபீல்ட். 1979இல் வந்த அவருடைய 'ஸ்க்ரீன்ப்ளே' புத்தகம் கொடுத்த வரைபடம் எளிமையானது: ஒரு பக்கம் ஒரு நிமிஷம், மொத்தம் 120 பக்கம், மூன்று பகுதி, 25ஆம் பக்கத்தை ஒட்டி ஒரு திருப்பம், 85ஆம் பக்கத்தைத் தாண்டி இன்னொன்று. இடைவேளை கிடையாது. நம்ம ஊரில் முறுக்குக் கடைக்காரருக்குத் தெரிந்த அந்தப் பெரிய திருப்பத்துக்கு அவர் வரைபடத்தில் இடமில்லை.

இந்தப் புத்தகங்களைக் குறை சொல்லவில்லை. நானும் இவற்றைப் படித்துத்தான் வந்தேன். ஆனால் அந்த வரைபடம் ஏற்கெனவே எழுதி முடித்த கதையை அளந்து பார்க்க உதவுகிற டேப். தையற்காரரிடம் டேப் இருக்கும். துணி நாம்தான் கொண்டுபோக வேண்டும். துணியே இல்லாத பிள்ளையிடம் டேப்பை மட்டும் கொடுத்தால் என்ன செய்யும்? கிடைத்த துணியை வெட்டும். கிடைப்பது ராயபுரம் தாதா.

சரி, துணி என்றால் என்ன? இங்கே ஒரு பழைய நோட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

மென்பொருள் வருவதற்கு முன் தமிழ் சினிமாவில் உதவி இயக்குநர்கள் பலர் காட்சியை எழுதிய விதம் இது: நீளமான தாள், நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடது பக்கம் பார்ப்பது. வலது பக்கம் கேட்பது, அதாவது வசனமும் சத்தமும். இந்தக் கோடு ஒரு விமர்சகன். எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது என்று பக்கத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும், ஒரு வரி படிக்க வேண்டாம்.

நம்முடைய சினிமாவின் சரித்திரத்தையே இந்தக் கோட்டை வைத்துச் சொல்லிப் பார்க்கலாம். புதுச்சேரிக்காரரிடமிருந்தே தொடங்கலாம். பாரதிதாசன் இங்கே பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் பல பத்தாண்டுகள் தமிழாசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்ற பின் அவர் எழுதிய படங்களில் ஒன்று 1950இல் வந்த 'பொன்முடி'. அவருடைய 'எதிர்பாராத முத்தம்' காவியத்திலிருந்து வந்தது, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார். இரண்டு வருஷம் கழித்து 'பராசக்தி'. அந்தக் காலத்தில் வசனம் தனிப் புத்தகமாக விற்றது. பள்ளிக்கூடப் பையன்கள் நீதிமன்றக் காட்சியை மனப்பாடம் செய்து பேசினார்கள். சினிமாவுக்கு எழுதுவது என்றால் வலது பக்கத்தை எழுதுவது என்ற எண்ணம் அப்போது வேரூன்றியது. டைட்டில் கார்டில் 'கதை, வசனம்' என்று சேர்த்துப் போடுகிற பழக்கமும் அதைத்தான் சொல்கிறது. அதில் அவமானம் ஒன்றுமில்லை. அது ஒரு பெரிய காதுப் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒரு வாக்கியம் எங்கே மூச்சு விட வேண்டும் என்று தெரிந்திருந்தது.

மகேந்திரன் அந்தப் பள்ளியில் தேறியவர். 1974இல் வந்த 'தங்கப்பதக்கம்' அவர் எழுதியது. சிவாஜி பேசின வசனம். அதே மனிதர் ஐந்து வருஷம் கழித்து 'உதிரிப்பூக்கள்' எடுக்கிறார். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து பொறி எடுத்துக்கொண்டு, கதையை வேறு எங்கோ கொண்டுபோகிறார். கடைசிக் காட்சியில் ஊரே ஆற்றங்கரையில் நிற்கிறது. பேச்சு சில வரிதான். மீதியை நிற்கிற ஆட்களும் தண்ணீரும் குழந்தைகளும் பார்த்துக்கொள்கிறார்கள். வலது பக்கத்தில் கெட்டிக்காரரான ஒருவர் அதைத் தானே அடித்துவிட்டு இடது பக்கத்துக்கு நகர்ந்த படம் அது. வந்த வருஷம் 1979. சிட் ஃபீல்ட் புத்தகம் வந்த அதே வருஷம். நம்முடைய பிள்ளைகள் புத்தகத்தைப் படிக்கிறார்கள், படத்தைப் பார்ப்பதில்லை. பாடம் இரண்டிலும் இருக்கிறது.

இப்போது புதுச்சேரிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குள்ளேயே நடக்கிற ஒரு காட்சியைப் பார்க்கலாம். 'லைஃப் ஆஃப் பை'. யான் மார்டலின் நாவல் 2001. டேவிட் மேகி திரைக்கதை எழுதி ஆங் லீ இயக்கிய படம் 2012. பையனுடைய பெயர் பிசின். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைக் கெட்ட அர்த்தம் வருகிற மாதிரி திரித்துக் கிண்டல் செய்கிறார்கள். நாவலில் அவன் ஒவ்வொரு வகுப்பிலும் எழுந்து போய், கரும்பலகையில் 'பை' என்று தன் பெயரைச் சுருக்கி எழுதி, ஒரு வட்டம் வரைகிறான். திரும்பத் திரும்பச் செய்கிறான், பெயர் ஒட்டிக்கொள்கிறது. நாவலுக்கு அது போதும். அவன் மனசுக்குள் என்ன நிம்மதி என்று அவனே நமக்குச் சொல்லிவிடுகிறான்.

படத்தில் அப்படிச் சொன்னால் காட்சி செத்துவிடும். மேகி என்ன செய்கிறார்? முதல் வகுப்பில் பையன் தன் விளக்கத்தைச் சொல்கிறான். கிண்டல் நிற்கவில்லை. அடுத்த வகுப்பு. கடைசியில் கணக்கு வகுப்பு. அங்கே பையன் பை எண்ணின் தசம இலக்கங்களை எழுத ஆரம்பிக்கிறான். ஒரு பலகை நிறைகிறது, அடுத்த பலகை நிறைகிறது. ஆசிரியர் புத்தகத்தை எடுத்துச் சரிபார்க்கிறார். வகுப்பு கத்துகிறது. பேச்சால் ஜெயிக்க முடியாததைச் சாக்பீஸால் ஜெயிக்கிறான். ஒரு பிள்ளைக்குத் திரைக்கதை என்றால் என்ன என்று சொல்ல எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது: மனசுக்குள் இருப்பதைக் கைக்குக் கொண்டுவருவது. இந்தக் காட்சி எத்தனையாவது பக்கத்தில் வருகிறது என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. கோட்டின் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கேட்டால் எல்லாம் கிடைக்கும்.

ஆனால் அந்தப் படத்திடமும் ஒரு வழக்கு இருக்கிறது. இடது பக்கத்தில் நம் ஊர் இருக்கிறது: தாவரவியல் பூங்கா, தெருக்கள், பள்ளிக்கூடம். வலது பக்கத்தில் ஊர் கிட்டத்தட்ட இல்லை. தாலாட்டு தமிழில் இருக்கிறது, பாம்பே ஜெயஸ்ரீ பாடியது, ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. வீட்டுப் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம். பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் சனங்கள் பேசுகிற சத்தம் அதில் கேட்காது. நம்ம ஊருக்கு ஷூட்டிங் வருகிற பல படங்களுக்கும் குறும்படங்களுக்கும் இதே கதைதான். மஞ்சள் சுவர், காகிதப்பூ, கடற்கரைச் சாலை. ஊர் பின்னணியாக நிற்கும், வாய் திறக்காது.

அந்தப் பெண்ணின் 118 பக்கத்துக்கு நேர் எதிரான குறை. அவளிடம் வலது பக்கம் நிரம்பி வழிந்தது, எல்லாம் சினிமாவில் கேட்ட பேச்சு. இடது பக்கம் 'இரவு. மழை. துறைமுகம்.' அவ்வளவுதான்.

சந்தையில் பார்த்த அன்று நான் ஒன்று கேட்டேன். "உங்க வீட்டுல நேத்து என்ன நடந்துச்சு?" "ஒண்ணும் இல்லண்ணா. ஆயாவ கூட்டிட்டு சர்டிபிகேட் போட்டுட்டு வந்தோம்." என்ன சர்டிபிகேட்? "உயிரோட இருக்காங்கன்னு. தாத்தா சொல்தா. பிரெஞ்சு பென்ஷன். வருஷா வருஷம் காட்டணும், இல்லன்னா பணம் வராது."

பாண்டிச்சேரியில் இது சாதாரண விஷயம். 1954இல் ஆட்சி கைமாறி, 1962இல் ஒப்பந்தம் சட்டப்படி நிறைவேறி, யார் எந்த நாடு என்று குடும்பங்கள் முடிவு செய்த ஊர். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களை இங்கே 'சொல்தா' என்றுதான் சொல்வார்கள். அவர்களுடைய வீடுகளில் பென்ஷன்தான் அரிசி, பள்ளிக்கூட ஃபீஸ், மருந்து. அவள் பிறந்ததிலிருந்து பார்த்தது. அதனாலேயே அது 'ஒண்ணும் இல்ல'. எண்பது வயதைத் தாண்டின ஒரு பொம்பளை தான் சாகவில்லை என்று வருஷத்துக்கு ஒருமுறை நிரூபிக்கப் போகிறாள். அவள் பேத்தி அதை வீட்டில் விட்டுவிட்டு ராயபுரத்தில் ஒரு தாதாவைக் கொன்றுகொண்டிருக்கிறாள்.

"அத எழுது" என்றேன். "ஒரே ஒரு பக்கம். நடுவுல கோடு போடு. ஆயா பேசக்கூடாது." "பேசாம எப்படிண்ணா?" என்றாள். அதுதான் பாடம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் கொண்டுவந்தாள். இடது பக்கத்தில்: ஆயா பீரோவிலிருந்து கரை போட்ட வெள்ளைப் புடவையை எடுக்கிறாள். முகத்துக்குப் பவுடர் போடுகிறாள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் தன் பெயரை எழுதிப் பார்க்கிறாள், மூன்று தடவை. மூன்றாவது கோணலாக வருகிறது. தாளை மடித்து ரவிக்கைக்குள் வைக்கிறாள். வலது பக்கத்தில்: குக்கர் விசில். தெருவில் மீன்காரம்மா. பேத்தி, "ஆயா, ஆட்டோ வந்துடுச்சு."

அவ்வளவுதான். கையெழுத்து கோணினால் என்ன ஆகும் என்ற பயம் அந்தப் பக்கத்தில் ஒரு இடத்திலும் எழுதப்படவில்லை. எனக்குப் படிக்கும்போது வயிற்றைப் பிசைந்தது. பிறகு கவனித்தேன்: ஒரு இலக்கு இருக்கிறது, ஒரு தடை இருக்கிறது, தவறினால் நஷ்டம் இருக்கிறது. சிட் ஃபீல்ட் கேட்ட எல்லாம் வந்திருக்கிறது. அவரைக் கூப்பிடாமலே வந்திருக்கிறது. நீளக் கதை எழுத அவள் உட்காரும்போது அந்த டேப் தேவைப்படும். அப்போது துணி கையில் இருக்கும்.

பிள்ளைகளுக்குத் திரைக்கதை சொல்லிக்கொடுக்கிறவர்களிடம், என்னையும் சேர்த்துத்தான், ஒரு வேண்டுகோள். முதல் வருஷம் வரைபடத்தைக் காட்டாதீர்கள். ஒரு நாவலின் அத்தியாயத்தையும் அது படமான காட்சியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டில் கேட்ட பேச்சைக் கேட்டபடியே எழுதச் சொல்லுங்கள். பேசாத ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். குறும்படப் போட்டிகளுக்கு அவசரப்படுத்தாதீர்கள். 'நாளைய இயக்குநர்' வந்த பிறகு குறும்படம் வழியாக நேராகப் படத்துக்குப் போகலாம் என்று ஒரு கதவு திறந்தது, நல்லதுதான். ஆனால் அந்தக் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு வீட்டுக்குள் நடப்பது கண்ணில் படாது.

போன வாரம் அவள் போன் செய்தாள். ஆயா வீட்டுக்குத் திரும்பி வருகிற காட்சியை எழுத முடியவில்லையாம். அங்கே என்ன பார்க்கிறோம் என்று தெரியவில்லையாம். "அடுத்த வருஷம் கூட போவல்ல, அப்ப பாரு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அடுத்த வருஷம் ஆயா இருக்கணுமே அண்ணா" என்றாள்.

அதை எழுதிக்கொள் என்று நான் சொல்லவில்லை. அவள் எழுதியிருப்பாள்.