தாயின் கமெரா: அன்றாடக் குடும்ப வாழ்வைப் படம்பிடித்தல் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

குடும்பப் புகைப்படத்தைக் கலை விமர்சனம் நெடுங்காலமாகத் தன் எல்லைக்கு வெளியிலேயே நிறுத்தி வந்துள்ளது. அது பாசத்தின் பாற்பட்டது. ஆகவே ஆய்வுக்கு உரியதன்று என்பது பொதுவான எண்ணம். படம் எடுப்பவர் தாயாக இருப்பின் இவ்வெண்ணம் மேலும் வலுப்பெறுகின்றது. தாய் தன் பிள்ளையைப் படம்பிடிப்பது இயல்பூக்கத்தின் வழிப்பட்ட செயலாகக் கொள்ளப்படுகின்றதேயன்றி, தெரிவும் தொழில்நுட்பமும் உழைப்பும் கூடிய ஆக்கச் செயலாகக் கொள்ளப்படுவதில்லை. இவ்வெண்ணம் எத்துணை பொருத்தமுடையது என்பதை, ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த நான்கு கலைஞர்களின் ஆக்கங்களை முன்வைத்து இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். நால்வரும் தாய்மார், நால்வரும் புகைப்படத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள்.

குடும்பப் புகைப்படம் சமூக வழக்கிலிருந்து பிரிந்து நிற்பதன்று. பிரெஞ்சுச் சமூகவியலாளரான பியர் பூர்தியூ 1965ஆம் ஆண்டில் வெளிவந்த தமது ஆய்விலே, குடும்பம் தன் ஒற்றுமையைத் தனக்குத்தானே எடுத்துக்காட்டி உறுதி செய்து கொள்ளும் ஒரு சடங்காகவே அப்படங்கள் பயன்படுகின்றன என விளக்கினார். திருமணம், பிறந்தநாள், பண்டிகை ஆகியன படமாகின்றன. சமையற்கட்டும் சலவையும் நோயும் சண்டையும் படமாவதில்லை. இவ்வழக்கைப் பரவலாக்கியதில் வணிகத்துக்கும் பெரும் பங்குண்டு. கொடக் நிறுவனம் 1888இல் தன் முதற் கையடக்கக் கமெராவையும் 1900இல் ஒரு டொலர் விலையுள்ள பிரவுணி கமெராவையும் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அதன் விளம்பரங்கள் பெண்களையே பெரிதும் நாடின. குடும்பத்தின் நினைவுகளைப் பேணுதல் தாயின் வீட்டுக் கடமைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. எனவே, தாய் கையிற் கமெரா என்பது தன்னளவில் விடுதலையின் சின்னமுமன்று, பாசத்தின் சின்னமுமன்று. அவள் அதனைக் கொண்டு எதனைச் செய்தாள் என்பதே விமர்சனம் எழுப்பவேண்டிய வினாவாகும்.

கெற்றூட் கேஸபியர் (1852 – 1934) மூன்று பிள்ளைகளைப் பெற்ற பின்னர், முப்பதுகளின் பிற்பகுதியிலே, நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியிலுள்ள பிறற் கலைக் கல்லூரியிற் சேர்ந்து பயின்றவர். 1899ஆம் ஆண்டைச் சேர்ந்த அவரது புகழ்பெற்ற படமொன்று, வாயில் நிலையருகே வெண்ணிற ஆடையணிந்த தாய் தன் சிறுமகளை வெளியுலகுக்கு வழிவிடுவது போல் நிற்பதைக் காட்டுகின்றது. பின்சுவரில் தேவதூதர் மரியாளுக்கு நற்செய்தி கூறும் சித்திரம் தொங்குகின்றது. படத்தின் தலைப்பும் மரியாளை வாழ்த்தும் வேதாகமத் தொடரேயாகும். ஒளி மென்மையானது, விளிம்புகள் கரைந்து நிற்கின்றன. அன்றாடம் இங்கு தெய்விகமாக உயர்த்தப்படுகின்றது. அவ்வாறு உயர்த்தப்படும்போது அதன் அன்றாடத் தன்மை மறைந்து விடுகின்றது.

தமிழ் மாணவர்க்கு இந்நிலை புதியதன்று. நமது பிள்ளைத்தமிழ்ப் பிரபந்தம் குழந்தைப் பருவத்தைக் காப்பு முதலாகப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடுவது. பாடுவோர் பெரும்பாலும் ஆண்பாற் புலவர். அவர் தம்மைத் தாயாகவும் செவிலியாகவும் பாவித்துப் பாடுகின்றார். அதிலே குழந்தை தவழும், சப்பாணி கொட்டும், முத்தந் தரும். ஆயின் அதன் நனைந்த துணியைத் துவைப்பவர் எவரும் இல்லை. தாய்மை அங்கு ஒரு பாவனை. தாயின் உழைப்பு அப்பாவனைக்குப் புறம்பானது. கேஸபியரின் படத்தை எடுத்தவர் உண்மையிலேயே ஒரு தாய். எனினும் படம் பேசுவது பிள்ளைத்தமிழின் மொழியையே. படைப்பாளி தாயாக இருப்பது மட்டுமே படைப்பின் நோக்கை மாற்றிவிடாது என்பதற்கு இஃது ஒரு சான்றாகும். அதே கேஸபியர் 1915ஆம் ஆண்டளவில், நுகம் பூட்டி வாய்க்கூடு கட்டிய எருதுகளைப் படமெடுத்து அதற்குத் திருமணம் எனத் தலைப்பிட்டார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. குடும்ப வாழ்வின் சுமையை அவர் அறியாதவரல்லர். அதனைச் சொல்வதற்கு உவமையின் துணையை நாடினார்.

இமொஜென் கனிங்ஹாம் (1883 – 1976) வேறொரு வழியைக் காட்டுகின்றார். வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயின்ற அவர், 1910இல் சியாற்றில் நகரிலே தமது படப்பிடிப்பு நிலையத்தைத் தொடங்கினார். 1913இல் புகைப்படத்தைப் பெண்களுக்குரிய தொழிலாக எடுத்துரைத்துக் கட்டுரை வரைந்தார். 1915இல் ஒரு மகனும் 1917இல் இரட்டை ஆண் மக்களும் பிறந்தனர். குடும்பம் கலிபோர்ணியாவுக்குக் குடிபெயர்ந்தது. மூன்று சிறுவரைப் பார்த்துக்கொண்டு வெளியே சென்று தொழில் செய்தல் இயலாதபோது, அவர் கமெராவை வீட்டு வளவுக்குள்ளேயே திருப்பினார். பிள்ளைகளையும், தாம் நட்டு வளர்த்த செடிகளையும் படமெடுத்தார். 1925ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்ட மக்னோலியா மலரின் அண்மைக்காட்சி இன்று நவீனப் புகைப்படக் கலையின் முதன்மையான ஆக்கங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது.

இம்மலர்ப் படங்கள் தூய வடிவத் தேட்டத்தின் விளைவுகள் என்றே பொதுவாக விளக்கப்படுகின்றன. அவ்விளக்கம் பிழையன்று, ஆனால் நிறைவானதுமன்று. தொலைவு மறுக்கப்பட்ட கண், அருகிலுள்ளதைக் கூர்ந்து நோக்கக் கற்றுக்கொண்டது. பிள்ளைகளின் தேவைகளுக்கிடையே கிடைத்த நேரத்துக்கும், எட்டும் தூரத்துக்கும் ஏற்ற பொருளே தெரிவு செய்யப்பட்டது. உள்ளடக்கத்தில் மாத்திரமன்றி உருவத்திலும் தாயின் வேலைநாள் பதிந்து கிடக்கின்றது. படத்திலே குழந்தை இல்லாதபோதும் அது தாயின் படமேயாகும். முதுமையில், 1957இல், அவர் எடுத்த படமொன்றிலே கலைந்த படுக்கையும் விரிப்பின்மீது கிடக்கும் கொண்டையூசிகளும் மட்டுமே உள்ளன. ஒழுங்கு செய்வதற்கு முன்னரான வீட்டை அழகெனக் கண்ட துணிவு அது.

டொரதியா லாங்கின் (1895 – 1965) வாழ்வோ, தாய்மைக்கும் தொழிலுக்குமிடையேயான முரண்பாட்டை வெளிப்படையாகக் காட்டுவது. 1936 மார்ச் மாதத்தில், கலிபோர்ணியாவின் நிப்போமோ என்னுமிடத்திலே, பட்டாணி பறிக்கும் கூலியாளர் முகாமில் அவர் எடுத்த படம் உலகெங்கும் தாய்மையின் உருவாக ஏற்கப்பட்டது. அரச நிறுவனமொன்றிற்காக அவர் இவ்வாறு நாடெங்கும் அலைந்த 1930களிலே, அவருடைய இரு புதல்வரும் பல காலம் பிறருடைய பராமரிப்பில் விடப்பட்டிருந்தனர். இதனைக் குற்றமாகச் சுட்டுவது எமது நோக்கமன்று. வேலை தேடும் எந்தத் தாயும் எதிர்கொள்ளும் நெருக்கடியே அது. ஆயின் படத்தில் இருந்த பெண்ணின் பக்கமும் உண்டு. புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்னும் அப்பெண்ணின் பெயர் 1978ஆம் ஆண்டுவரை உலகறியாதது. பெயர் வெளியானபோது, படம் எடுக்கப்பட்டமை குறித்தும் தமக்கு அதனாற் பயன் ஏதும் கிட்டாமை குறித்தும் அவர் மனக்கசப்பை வெளியிட்டார். காண்பவரின் பரிவு, காணப்பட்டவருக்கு உரிமையாகவில்லை. லாங் தமது இறுதி ஆண்டுகளில் பசிபிக் கடலோரச் சிறு குடிலொன்றிலே தம் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் படமெடுத்தார். அவை அவர் மறைந்தபின் 1973இல் நூலாயின. உலகின் தாய்மாரைப் படமெடுத்தவர், தம் வீட்டு அன்றாடத்துக்கு வாழ்வின் முடிவிலேயே இவ்வாறு திரும்பினார்.

லாங் 1936இல் ஒக்லஹோமாவிலே எடுத்த ஏழைச் சிறுமியொருத்தியின் படத்துக்கு, ஊறுபட்ட பிள்ளை எனப் பொருள்படும் தலைப்புண்டு. அரை நூற்றாண்டின்பின், 1984இல், வேர்ஜீனியா மாநிலத்தின் லெக்சிங்ரன் ஊரவரான சாலி மான் (பி. 1951), பூச்சிக்கடியால் முகம் வீங்கிய தம் மகளைப் படமெடுத்து அதே தலைப்பைச் சூட்டினார். அப்படத்தோடு தொடங்கிய தொடர், 1992இல் 'இமீடியற் பமிலி' என்னும் நூலாக வெளிவந்தது. படுக்கை நனைத்தல், மூக்கிலிருந்து இரத்தம் வடிதல், கீறற்காயம், சிணுங்கல், சலிப்பு எனத் தாய்மார் யாவரும் கண்டறிந்த, குடும்ப அல்பம் ஏற்க மறுத்த காட்சிகளே அந்நூலின் பொருள். பிள்ளைத்தமிழ் பாடாத பருவங்கள் இவை எனலாம்.

ஆனால் இங்கும் ஒரு நுட்பம் உண்டு. மான் பயன்படுத்தியது எட்டுக்குப் பத்து அங்குலத் தகட்டுப்படலம் கொண்ட பெரிய கமெரா. முக்காலியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையைப் புகுத்தி, தலைகீழாகத் தோன்றும் விம்பத்தைக் குவியப்படுத்தி, ஒவ்வொரு தகடாக இட்டு எடுக்கவேண்டியது. ஓடும் பிள்ளையை அது எளிதிற் பிடிக்காது. பிள்ளை அசையாது நிற்க வேண்டும், நடந்ததை மீண்டும் நிகழ்த்த வேண்டும். ஆகவே, இப்படங்களின் அன்றாடம் பெரும்பாலும் தாயும் மக்களும் கூடி மீளப் படைத்த அன்றாடமாகும். 1989ஆம் ஆண்டின் படமொன்றிலே, இனிப்பினாற் செய்த சிகரட்டை விரலிடையே ஏந்தி, கைகட்டி, வளர்ந்த பெண்ணின் தோரணையில் நம்மை நேரே நோக்குகின்றாள் மூத்த மகள். தங்கை முதுகு காட்டி நிற்க, பின்னே சகோதரன் பொய்க்காலில் நடக்கின்றான். குழந்தைமை எவ்வளவு விரைவிற் கழியும் என்ற அச்சம் அப்படத்திலே உண்டு. ஆனால் அத்தோரணை மகளுடையது, நடிப்பவள் அவள். இப்படங்களின் வலிமைக்குத் தாயின் பாசம் மட்டும் காரணமன்று. பிள்ளைகளின் உழைப்பும் காரணமாகும்.

நூலின் சில படங்களிற் பிள்ளைகள் ஆடையின்றிக் காணப்பட்டமையாற் பெருஞ்சர்ச்சை எழுந்தது. அது இன்னும் ஓயவில்லை; 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, ரெக்சாஸ் மாநிலத்தின் போட்வேர்த் நகர நவீன கலை நூதனசாலையிலிருந்து அவரது சில படங்களைப் பொலிஸார் எடுத்துச் சென்றனர்; பின்னர் குற்றச்சாட்டு எதுவும் சுமத்தப்படவில்லை. இச்சர்ச்சையில் இரு தரப்பினர் பேசினர். ஒரு சாரார், தாயின் அன்புக் கண் தவறிழைக்காது என்றனர். மறுசாரார், நல்ல தாய் இதனைச் செய்யாள் என்றனர். இரு கூற்றும் ஒரே அடிப்படையில் எழுந்தவையே. இரண்டும் படத்தை விட்டுத் தாயின் குணத்துக்குத் தீர்ப்பளிக்கின்றன. எட்வேர்ட் வெஸ்ரன் 1925இல் தம் சிறுமகனை ஆடையின்றிப் படமெடுத்தார். கலை வரலாறு அவற்றைப் பெரிதும் வடிவச் சிறப்புக்காகவே பேசியது. அவர் நல்ல தந்தையா என்ற வினாவை முதல் வினாவாக எழுப்பவில்லை. தாய்க்கு ஓர் அளவுகோலும் தந்தைக்கு வேறோர் அளவுகோலும் இருத்தல் விமர்சன நேர்மையாகாது.

எனினும், இரட்டை அளவுகோலைக் கண்டிப்பதோடு பிரச்சினை தீர்ந்துவிடாது. மான் தம் பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்டார். அவர்கள் விரும்பாத படங்களை விலக்கவும் இடமளித்தார். அது பாராட்டத்தக்கது. ஆயின், உணவுக்கும் அரவணைப்புக்கும் தாயையே சார்ந்திருக்கும் பிள்ளை, அவளுக்கு அளிக்கும் இசைவு முழுமையான இசைவாகுமா? முப்பது ஆண்டுகளின்பின் தன்னை எவர் எவ்வாறு நோக்குவர் என்பதைப் பத்து வயதில் எப்பிள்ளை அறியும்? படத்தின் கலைத்தரம் உயர்ந்தது என்பது இவ்வினாவுக்கு விடையன்று. தம் பிள்ளைகளைப் பற்றி முன்பின் அறியாத ஒருவர் இடையறாது கடிதம் எழுதித் தொல்லை தந்தமையை மானே 2015இல் வெளியிட்ட தமது வாழ்க்கை வரலாற்று நூலிற் பதிவு செய்துள்ளார். தொம்சனின் கசப்பிலே கண்ட அதே உண்மை இங்கும் தோன்றுகின்றது. பரிவோடு நோக்கியவர் தாயேயாயினும், படம் அவளுடைய பரிவின் காவலில் நில்லாது.

இவ்விடத்து ரோலண்ட் பார்த் நினைவுக்கு வருகின்றார். 1980இல் வெளிவந்த புகைப்படம் பற்றிய தமது நூலிலே, தம் தாயின் ஐந்து வயதுப் படமொன்றை மையமாக வைத்தே அவர் பேசுகின்றார். அந்நூலிற் பல படங்கள் இருந்தும் அப்படம் மட்டும் அச்சிடப்படவில்லை. காட்டாமல் விடுவதும் படத்தின்மீது கொண்ட மதிப்பின் ஒரு வடிவம் என்பதை அவர் செயலால் உணர்த்தினார். மகன் தாய்க்குச் செய்த அந்த மரியாதையைத் தாய் பிள்ளைக்குச் செய்யலாகாதா?

எமது முடிபுகளைத் தொகுத்துக் கூறுவோம். தாய் எடுக்கும் குடும்பப் படத்தைப் பாசம் என்னும் ஒரே சொல்லால் அளத்தல் அதற்கு இழைக்கும் அநீதியாகும். அதனை மூன்று வினாக்களால் மதிப்பிடுதல் தகும். வீட்டை நடத்தும் உழைப்பு, பொருளிலேனும் உருவத்திலேனும், படத்திற் புலப்படுகின்றதா? பிள்ளை அலங்காரப் பொருளாக அன்றித் தனக்கென நோக்குடைய ஆளாக நிற்கின்றதா? எடுத்தவற்றுள் எதனை வெளியிடாது வைத்துக்கொள்வது என்பதைப் பிள்ளையின் பக்கம் நின்று எடுத்தவர் எண்ணினாரா? கேஸபியரின் வாயிற் படம் முதல் வினாவிலே தளர்கின்றது. கனிங்ஹாம் அதற்கு ஆழ்ந்த விடை தருகின்றார். மான் முதலிரு வினாக்களிலும் ஒப்பற்று நின்று, மூன்றாவதிலே நம்மை அமைதியிழக்கச் செய்கின்றார்.

இன்று ஒவ்வொரு தாயின் கைத்தொலைபேசியிலும் கமெரா உள்ளது. எடுத்த படம் கணப்பொழுதில் அறியாத கண்களைச் சென்றடைகின்றது. சில கலைஞர்களுக்கு மட்டும் உரியதாயிருந்த பிரச்சினை எல்லா வீடுகளுக்கும் உரியதாகிவிட்டது. எடுப்பதற்கு இப்போது உழைப்புத் தேவையில்லை. எடுத்ததைத் தெரிவதற்கும், தெரிந்ததைக் காப்பதற்கும் அது முன்னரிலும் பெரிதும் வேண்டப்படுகின்றது.