நோட்டு எண்ணும் விரல்கள்

பாகான் டாலாமிலிருந்து பினாங்கின் வங்கித் தெருவான லெபோ பந்தாய்க்கு ஒரு ஃபெரி தூரம்தான். சார்ட்டர்ட் வங்கி 1875-லும் ஹாங்காங் வங்கி 1884-லும் பினாங்கில் கடை விரித்தன. அருகிலேயே பினாங்கு ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் செட்டியார்கள் தரையில் சம்மணமிட்டு வட்டிக்கணக்கு எழுதினார்கள். அங்கே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை உண்டு. இன்றைய கவுண்டர் ஊழியரை அந்தப் பெட்டியடிப் பையனின் வாரிசு என்றே சொல்வேன்.

இந்தக் கவுண்டர் ஊழியர்கள் நோட்டு எண்ணுவதை நின்று பார்க்க வேண்டும். கட்டு இடது கையில் நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே மடங்கி நிற்கும். கட்டைவிரல் ஒவ்வொன்றாகத் தள்ள, வலது கை வாங்கிக்கொள்ளும். ஒரு வெள்ளியும் ஐந்து வெள்ளியும் பிளாஸ்டிக். வழுக்கும், புதிதென்றால் ஒன்றோடொன்று ஒட்டும். பத்து முதல் நூறு வரை காகிதம். மீன் சந்தையிலிருந்து வந்தால் ஈரமாக இருக்கும். விரலுக்கு இந்த வித்தியாசம் தெரியும். எண்ணும் இயந்திரம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் கிழிந்ததை, ஒட்டுப்போட்டதை விரல்தான் முதலில் பிடிக்கிறது.

வாய் மட்டும் சும்மா இருக்காது. விற்பனை இலக்கு என்று ஒன்று மேலிருந்து வரும்; காப்புறுதி, கடன் அட்டை என எதையாவது சொல்லியாக வேண்டும். அந்தப் பேச்சில் எனக்கு ரசனை இல்லை. பேசிக்கொண்டே எண்ணிக்கை தவறாதிருப்பதில்தான் இருக்கிறது.

சாயங்காலம் கதவடைத்தபின் பெட்டி நேராக வேண்டும். இரண்டு வெள்ளி இடித்தாலும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. அதனால்தான் பகலிலேயே குரல் வருகிறது: “பாட்டி, அஞ்சு வெள்ளி கூட வெச்சிட்டீங்க, எடுத்துக்குங்க.”