‘வென்றான்’ என்னும் சொல்

பெரியகுளத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மாணவர் எழுதும் கட்டுரைகளைப் படித்தும், மேடையுரைகளைக் கேட்டும் வருகிறோம். முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய பேச்சானால் இரண்டு செய்திகள் தவறாமல் வரும். பென்னிகுயிக் தம் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்பது ஒன்று. மனிதன் இயற்கையை வென்றான் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் உரைத்துப் பார்த்தல் நம் கடமை.

முதற் கதைக்கு ஆவணச் சான்று காட்டியவர் எவரையும் நாம் கண்டதில்லை. நன்றியுணர்விலே பிறந்த கதை. அதன்மீது நமக்குச் சினமில்லை. ஆயினும் அது வந்து அமர்ந்ததும் உண்மையான வியப்பு எழுந்து போய்விடுகிறது. மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் 1789-லேயே இராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்பப் பிள்ளைக்கு உண்டாயிற்று. செலவு கைக்கு மீறியதால் நின்றது. 1887-இல் தொடங்கிய வேலையே 1895-இல் அதை நிறைவேற்றியது. இடையில் வெள்ளம் கட்டியதை அடித்துச் சென்றது. காய்ச்சலில் தொழிலாளர் பலர் மாண்டனர். நம் கட்டுரைகளில் அவர்களுக்கு ஒரு வரியேனும் உண்டா?

இரண்டாவது கூற்றோ இன்னும் பிழையானது. கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த அவ்வணை தன் எடையினாலேயே நீரின் தள்ளுதலைத் தாங்குகிறது. நீர் பள்ளம் நோக்கிப் பாயும்; அந்த இயல்பை நம்பியே மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்தனர். இங்கே வெற்றி எங்கிருக்கிறது? இயற்கையின் விதிக்கு இணங்கிப் பெற்ற பயனன்றோ இது!

அரபியில் பொறிகளின் கலைக்கு ‘ஹியல்’ என்று பெயர். 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்களின் நூலுக்கும் அதுவே பெயர். ‘ஹீலா’ என்பதன் பன்மை அது. உபாயம் என்று பொருள். உபாயம் கண்டவன் பகைவனை வீழ்த்தியதாக முழங்கமாட்டான்; வழி கிடைத்தது என்றே சொல்வான். நைல் நதியை ஒழுங்குபடுத்தப் புறப்பட்ட இப்னுல் ஹைதம், அதனை நேரில் கண்டபின் தம்மால் இயலாதென ஒப்புக்கொண்டார் என்று இப்னுல் கிஃப்தி எழுதுகிறார். எல்லையை அறிதலும் அறிவே.

அணையின் நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்த உச்ச நீதிமன்றம் 2014-இல் இசைந்த பின்னரும் வாதம் ஓயவில்லை. பெருமிதத்தையும் அச்சத்தையும் முழக்கமாக்கப் பழகிய நா எதனையும் அளந்து பார்க்காது. அளப்பதற்குப் பழக்குவது ஆசிரியர் பணி. நம் பிள்ளைகளை வராக நதிக்கரைக்கு அழைத்துச் செல்வோம். நீர் போகும் போக்கை முதலில் பார்க்கச் சொல்வோம். கட்டுரையைப் பிறகு எழுதட்டும்.