தேதி உள்ளவர்களும் இல்லாதவர்களும்

கம்பம் பள்ளத்தாக்கில் தைப்பொங்கலும் பென்னிகுவிக் பிறந்தநாளும் ஒன்றாகவே வரும். 1841 ஜனவரி 15இல் புனேயில் பிறந்து, பெரியாறு அணையைக் கட்டிய அந்தப் பொறியாளருக்காகப் பாலார்பட்டியில் தெருவில் பானை ஏற்றி, அவர் படத்துக்குப் படைக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013இல் மணிமண்டபமும் எழுந்தது. பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்த வீடுகள் உண்டு. நெல் விளையும் மண்ணின் நன்றி அது. அதில் குறை காண எனக்கு மனம் வராது.

குறை, விழா மேடையில் வரலாறு ஒரே கதையாகச் சுருங்குவதில்தான். பணம் தீர்ந்ததும் இங்கிலாந்துச் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று ஆண்டுதோறும் பேசுகிறோம். ஆவணத்தோடு அதைச் சொல்பவரை நான் கண்டதில்லை. இத்தனைக்கும் கட்டுமானத்தில் பணியாற்றிய ஏ. டி. மெக்கன்சி 1899இலேயே பெரியாறு திட்டத்தின் வரலாற்றை எழுதியிருக்கிறார். 1887இல் தொடங்கி 1895 அக்டோபர் 10இல் திறக்கப்பட்ட அணைக்காகக் காட்டில் சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்தவர்களைக் காய்ச்சலும் காலராவும் கொண்டுபோயின. அவர்கள் பெயரைச் சொல்ல நமக்கு நாளும் இல்லை, கல்லும் இல்லை.

வைகை அணையிலும் இதே கதைதான். 1959 ஜனவரியில் திறந்த நாள் அரசிடம் பதிவாகியிருக்கிறது. நீருக்குள் போன ஊர்களின் துயரத்துக்கு நாம் போக வேண்டிய இடம் வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’. ஒரு நாவல் செய்ததை உள்ளூர் வரலாறு இன்னும் செய்யவில்லை.

ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டினால் பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஊரில் ‘ரேகைச் சட்டம்’ என்பார்கள். பிறந்த சாதிக்காகக் கைரேகை வைக்க மறுத்த கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3இல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். ஜாலியன்வாலா பாக் நடந்து ஓராண்டு முடியவில்லை. அது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. இது உசிலம்பட்டிச் சீமையைத் தாண்டிப் பேசப்படுவதே அரிது. நூற்றாண்டு நாளும் 2020 ஊரடங்குக்குள் வந்து போனது. அதே சட்டம் கம்பம் பள்ளத்தாக்குக் கள்ளர்களின் வாழ்வையும் உழவையும் எப்படி மாற்றியது என்பதை ஆனந்த் பாண்டியன் 2009இல் ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். நம் மண்ணைப் பற்றிய நல்ல ஆய்வை நாம் ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்த மூன்று நடுகற்களை இங்கே நினைக்கிறேன். கிறிஸ்துவுக்கு முற்பட்டவை என்று மதிப்பிடப்படும் அவற்றில் தமிழ் பிராமி எழுத்து. ஒரு கல்லில் சில சொற்கள்தான்: கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், இறந்தவன் அந்தவன். பள்ளத்தாக்கிலும் ஒரு கூடலூர் இருப்பதால் இங்குள்ளவர்களை அந்தச் சொல் சட்டென்று தொடும். ஈராயிரம் ஆண்டுக்கு முன் மாட்டுப் பூசலில் செத்தவன் பெயர் நமக்குத் தெரிகிறது. நேற்று போன்ற 1890களில் அணைக்காட்டில் செத்தவர் பெயர் தெரியவில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். வரும் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: அணை வேலைக்குப் போனவர் யார், ரேகை வைத்தவர் யார், வைகைக்கு நிலம் கொடுத்தவர் யார்? பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பரணில் பழைய பட்டாவோ ரேகைச் சட்டக் காலத்து ராத்திரிச் சீட்டோ கிடைத்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.